நெருப்புக் குழிக்கு நான் போட்ட மூன்று சரிகள்

வாசகரே, உங்களை நடுவராக அல்ல, சாட்சியாக அழைக்கிறேன். நடுவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து பேச்சுப் போட்டிகளில் அவர்கள் முன்னால் நின்றிருக்கிறேன். மணி அடிப்பதற்கு முன்பே தீர்ப்பை எழுதி முடித்து, பற்றிஸ் பலகாரத் தட்டு வரும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். சாட்சிக்கு ஒரேயொரு கடமைதான் உண்டு: பார்த்ததை மறக்காதிருப்பது. இக்கட்டுரை முடியும்வரை அதை மட்டும் செய்யுங்கள்.

ஓய்வு பெற்றவர்கள் அனுபவம் எழுதுவது வழக்கம். நான் ஓய்வு பெற்றபோது எனக்கு வயது இருபத்தாறு. சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும். பதினெட்டு வயதில் தொடங்கி எட்டுக் கோடைகள் ஒரே தொழிலைச் செய்து, அந்தத் தொழிலுக்கு இனி ஒருபோதும் அழைக்கப்படமாட்டேன் என்ற நிலையில் வெளியேறியவனை வேறு எந்தச் சொல்லால் அழைப்பது? இவ்வருடம் நான் இருந்த குளக்கரையில் வேலைக்குச் சேர்ந்த எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் இருவர் என்னிடம் வந்தார்கள்.

"அண்ணை, இப்ப எல்லாம் கமராதான். கொட்டிலுக்குள்ளை இருந்து ஸ்கிரீனைப் பாத்தாப் போதும். அந்தக் காலத்திலை நீங்கள் என்னத்தைத்தான் செய்தனீங்கள்?"

அந்தக் காலம் என்பது மூன்று வருடங்களுக்கு முந்தியது. கமராவால் சாம்பலின் சூட்டைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். மூத்தவன் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி, "அப்டேட் வருமாம்" என்றான். ஆகவே எழுதுகிறேன்.

சிசிலித் தீவில், பலெர்மோ நகரின் கடலுக்கு முதுகைக் காட்டிப் பஸ்ஸில் ஒரு மணி நேரம் உள்ளே போனால் மரங்கள் முடிந்துவிடும். அதற்கப்பால் கோதுமை வயல்கள். அறுவடைக்குப் பின் வெறும் அரிதாள். கணுக்கால் உயரத்தில், மஞ்சளாக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை காய்ந்து நிற்கும். அதன் நடுவே ஒரு குளம். இத்தாலியர் அதை ஏரி என்பர். வன்னியில் பிறந்த எவரும் அதைப் பார்த்து, "இதையோ சொன்னனீர்?" என்று கேட்டுவிட்டுக் காருக்குத் திரும்பக்கூடும். ஊர்ச்சபைக்குச் சொந்தமான அந்தப் பொதுக்குளத்தை ஒரு கூட்டுறவுச் சங்கம் நடத்திவந்தது. மீன் பிடிக்க ஒரு கரை, கூடாரம் அடிக்க ஒரு கரை, நாணலோரம் கல் சுற்றிய ஆறு நெருப்புக் குழிகள், இரண்டு கழிவறைகள். கழிவறைகளைக் கழுவியவன் நான்.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கிவிடுகிறேன். வியா மக்வேதா வீதிக்குப் பின்புறத்து மண்டபமொன்றில் நடந்த சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளி எனக்குப் பேசக் கற்றுத்தந்தது: கையை எப்போது உயர்த்துவது, எங்கே மூச்சு விடுவது, எதிரணியின் மிக மெலிந்த வாதத்தை அதன் மிகப் பலமான வாதம்போல் எடுத்து நிறுத்தி எப்படி உடைப்பது. பதினொரு வெற்றிக்கிண்ணங்கள் வீட்டில் உள்ளன. மொண்டெல்லோக் கடற்கரை உணவகத்தில் கோப்பை கழுவும் அப்பா அவற்றை வாரந்தோறும் துடைப்பார். தன்னோடு வேலைக்கு வரச் சொன்னார். அவர் கண்முன்னால் கோப்பை கழுவ என் தன்மானம் இடந்தரவில்லை. யாரும் காணாத குளக்கரையில் கழிவறை கழுவ இடந்தந்தது.

அங்கே தலைமைப் பணியாளர் நூன்ஸியா. ஐம்பத்தெட்டு வயது, ஆண்களின் காலணி, கழுத்தில் ஈரத் துவாய். நன்றி என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. முதல் நாளே என் இத்தாலியத்தைக் கேட்டுவிட்டு எனக்கு "அவ்வொகாத்தோ" என்று பெயர் வைத்தார். சட்டத்தரணி என்று பொருள். அவர் சொல்லும்போது கழிவறைத் தூரிகையின் இன்னொரு பெயர் போலக் கேட்கும். சிசிலியப் பேச்சில் அவர் சொன்னவற்றை இங்கே எங்கள் பேச்சிலேயே தருகிறேன். மரியாதைக் குறைவில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

அவருடைய முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. என் முதற் கோடையில், குடித்துவிட்டுப் பாட்டுப்பெட்டியை அலறவிட்ட ஒருவரைக் கூடாரத்தைக் கழற்றச் சொல்லவேண்டியிருந்தது. நான் பொதுச்சொத்தைப் பற்றியும் குடிமகனின் கடமையைப் பற்றியும் பேசினேன். பத்து நிமிடம். அந்த மனிதர் கைதட்டினார். பிறகு இன்னொரு போத்தலைத் திறந்தார். நூன்ஸியா என்னைத் தாண்டிப் போனார். காற்று வரும் பக்கமிருந்து தொடங்கிக் கூடாரத்தின் முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, புல்லில் வரிசையாக அடுக்கினார். ஐந்தாவது முளையில் கூடாரம் அந்த மனிதர்மேல் சரிந்தது. அவர் போய்விட்டார்.

"கதைச்சு முடிஞ்சுதோ, அவ்வொகாத்தோ? கழிவறை அப்பிடியே கிடக்கு."

இது முரட்டுத்தனம் என்று அன்று தீர்மானித்தேன். வாதத்தால் வெல்லத் தெரியாதவர்கள் முளை பிடுங்குவார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அந்த வசனத்தை அவர் ரசித்தார்.

நெருப்புக் குழியை அணைக்கும் முறையைத் துல்லியமாகச் சொல்லவேண்டும். பின்னால் வருவதெல்லாம் அதில்தான் தங்கியிருக்கிறது. முதலில் ஒரு வாளி தண்ணீர், ஓரத்திலிருந்து நடுவுக்கு. பிறகு தடியால் கிளறல். மறுபடி ஒரு வாளி. நீராவி அடங்கியதும் உள்ளங்கையைச் சாம்பலுக்கு மேலே பிடித்துப் பார்த்து, பின் விரல்களை உள்ளே விட்டு, பத்து மூச்சு எண்ணவேண்டும். கடைசியில் குழியைச் சுற்றி ஒரு முழம் தள்ளியிருக்கும் நிலத்தையும் கையால் தொட்டுத் தொட்டு ஒரு வட்டம் வரவேண்டும். படிவத்தில் ஒவ்வொரு குழிக்கும் மூன்று கட்டங்கள்: தண்ணீர், கை, நிலம். மூன்றுக்கும் சரி போட்டு நான் ஒப்பமிட, கீழே நூன்ஸியா ஒப்பமிடுவார். அதற்கு முன் அவர் தாமே போய் மறுபடி எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார். ஏழு கோடைகளிலும் ஒரு நாள்கூட என் சரியை அவர் நம்பியதில்லை. மூன்றாவது கட்டத்தைப் பற்றி நான் வீட்டில் நகைச்சுவை செய்வதுண்டு: "நிலத்துக்குக் காய்ச்சல் பாக்கிற மனுசி."

குளத்துக்கு வருவோர் இரு வகையினர். இரண்டு வகையையும் நான் மதித்ததில்லை.

முதல் வகை பலெர்மோ நகரத்துத் தூண்டில்காரர்கள். மூன்று நாள் தங்குவார்கள். ஆளுக்கு நான்கு தூண்டில். மீன் தொட்டால் தூண்டில் தானாகக் கத்தும் கருவியும் உண்டு, ஆகவே விழித்திருக்கத் தேவையில்லை. கத்தியதும் எழுந்து கெண்டையை இழுத்து, அதற்கென்றே கொண்டுவந்த ஈர மெத்தையில் கிடத்தி, தாமே குத்திய உதட்டுக் காயத்துக்குத் தாமே மருந்து பூசி, படமெடுத்து, முத்தமிட்டுத் தண்ணீரில் விடுவார்கள். பிடித்தவனும் பிடிபட்டதும் பசியோடு வீடு திரும்பும் இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் விளையாட்டு.

இரண்டாம் வகை எங்கள் ஆட்கள். பேருந்து பிடித்து நாற்பது பேர் வருவார்கள். கலியாண வீட்டுச் சமையற் கிடாரம், ஐஸ் பெட்டிகள், ஒலிபெருக்கி, மூன்று விதமான சம்பல். இறங்கியதும் முதற் கேள்வி, "தம்பி, நிழல் இல்லையோ?" இரண்டாவது, "கடல் எந்தப் பக்கம்?" ஆண்கள் கூடாரத்தைத் தலைகீழாக அடித்துவிட்டுச் சீட்டாட உட்காருவார்கள். பெண்கள் சமைப்பார்கள். குளத்து மீன் சேறு மணக்கும், கறிக்கு ஆகாது என்று ஒருமனதாகத் தீர்மானிப்பார்கள். மாலையில் ஐஸ் பெட்டியைத் திறந்தால் கோழிக்குக் கீழே அளவு குறைந்த கெண்டைகள் இருக்கும். அளவுப் பலகையில் வைத்துக் காட்டினால், "நீ எங்கடை பிள்ளையோ, அவையின்ரை பிள்ளையோ?" என்ற கேள்வி வரும். மீனின் நீளத்தை மாற்றக்கூடிய கேள்வியாம் அது.

இந்தக் கூட்டத்தின் தலைவர் அருளப்பு மாமா. மன்னார்க்காரர், பலெர்மோவின் அல்பெர்கேரியாவில் குடியிருப்பவர், எங்கள் கத்தோலிக்கக் கோவிற் பாடகர் குழுவை நடத்துபவர். என் கிண்ணங்களில் நான்கு அவர் கையால் வாங்கியவை.

எட்டாவது கோடை. ஃபெர்ராகொஸ்தோ என்ற ஆகஸ்ட் நடு விடுமுறை. மாமாவின் கூட்டம் முதல் நாள் வந்து தங்கி, மறுநாள் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு புறப்பட்டது. தெற்கிலிருந்து சிரோக்கோ என்ற சூட்டுக்காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. நூன்ஸியா எதிர்க்கரையில், வெயிலில் மயங்கிய ஒரு தூண்டில்காரருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே கத்தினார்: "அவ்வொகாத்தோ, குழியைப் பார்."

நான் குழியை நோக்கித்தான் போனேன். பேருந்தின் படியிலிருந்து மாமா கூப்பிட்டார்.

"தம்பி, இஞ்சை வா. சனத்துக்கு அந்தக் கிண்ணம் எடுத்த பேச்சை ஒருக்காச் சொல்லிக் காட்டு. டிரைவரும் இன்னும் வரேல்லை."

"வேலை கிடக்கு மாமா. அடுப்பை அணைச்சாச்சோ?"

"ஓம் ஓம். அதெல்லாம் வடிவா மூடியாச்சு. நீ ஏறு."

ஏறினேன். படியில் நின்று பேசினேன். நாற்பது பேர், மூடிய கதவு, தப்பிக்க வழியில்லாத அவை. இதைவிட நல்ல மேடை எனக்கு வாய்த்ததில்லை. பேச்சு முடிந்தபோது பேருந்து அதிரக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குள்ளேயே, முழங்காலில் படிவத்தை வைத்து, அவர்களுடைய குழிக்கு நேரே மூன்று சரிகள் போட்டு ஒப்பமிட்டேன். தண்ணீர், கை, நிலம்.

எதிர்க்கரையிலிருந்து வந்த நூன்ஸியாவிடம் படிவத்தை நீட்டினேன். மயங்கியவருக்கு அம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார்; படிவத்தைப் பார்த்தார்; நின்ற நிலையிலேயே கீழே ஒப்பமிட்டார். எட்டுக் கோடைகளில் முதற் தடவையாக என் சரியை நம்பினார்.

நான்கு மணிக்கு அரிதாள் பற்றியது. நாணலோரத்திலிருந்து எழுந்த நெருப்பு, காற்றைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறியது. அரிதாள் எரியும் வேகத்தில் மனிதனால் ஓட முடியாது. பக்கத்து விவசாயியின் வைக்கோல் உருளைகளும் ஒரு வரிசை வாதுமை மரங்களும் கரியாயின. தீயணைப்பு வண்டி வந்தது. எவருக்கும் காயமில்லை. நூன்ஸியாவின் புருவம் மட்டும் பொசுங்கியிருந்தது. நான் வாளி கொடுத்தேன், அவர் ஊற்றினார்.

சங்கம் விசாரணை வைத்தது. நீள மேசை, மூன்று பேர், ஒரு மின்விசிறி. நெருப்பு தொடங்கிய இடத்தில் இரண்டு குழிகள்: ஒன்று எங்கள் ஆட்களுடையது, மற்றது தூண்டில்காரர்களுடையது. நூன்ஸியாவுக்கு ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடம் இருந்தது. அவருடைய பதவி அந்த மேசையில் கிடந்தது என்பது அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கும்.

விசாரணைக்கு முதல் நாள் மாமா தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, எங்கடை பேரைக் கெடுக்க விடாதை. உன்ரை வாய் எங்களுக்குத் துணை."

என் வாய் துணை நின்றது. இருபது நிமிடம் பேசினேன். காற்றின் திசையைப் பேசினேன். தூண்டில்காரர்களின் எரிவாயு அடுப்பைப் பேசினேன். வெளிநாட்டவர்மீது முதலில் விரல் நீட்டும் பழக்கத்தைப் பேசினேன்; மூவரில் ஒருவர் தலை குனிந்தார். எங்கள் குழி முறைப்படி சோதிக்கப்பட்டதற்கு ஆதாரமாக என் மூன்று சரிகளையே உயர்த்திக் காட்டினேன். இறுதிச் சோதனைக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். "விதிப்படி, தலைமைப் பணியாளர்" என்றேன். வாதத்தில் ஓட்டை இல்லை.

நூன்ஸியாவைக் கேட்டார்கள். "கீழே இருக்கிற கையெழுத்து என்ரை" என்றார்.

நெருப்பின் காரணம் தெரியவில்லை, மேற்பார்வை போதாது என்று எழுதினார்கள். குளம் அந்தப் பருவத்துக்கு மூடப்பட்டது. நூன்ஸியாவைத் தலைமையிலிருந்து இறக்கி, சங்கம் துப்புரவு செய்யும் ஊர் மயானத்துக்கு அனுப்பினார்கள். வாசலில் என்னைக் கடந்துபோகையில் மட்டும் நின்றார்.

"நல்லாக் கதைச்சாய், அவ்வொகாத்தோ."

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்தபின் மண்டபத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பளபளக்கும் அந்தத் துணி எதற்கும் உதவாது. துவைக்க முடியாது, துடைக்கவும் முடியாது. மாமா ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"தம்பி வாயாலேயே எங்களைக் காப்பாத்திப் போட்டான். எங்கடை அடுப்பிலையிருந்து எப்பிடி நெருப்பு வரும்? தண்ணி ஊத்தினால் புகை கிளம்பிப் பிள்ளையளுக்குக் கண் எரியுமெண்டு நாங்கள் தண்ணியே ஊத்தேல்லை. கடக்கரையிலை செய்யிற மாதிரி, தணலை அப்பிடியே விட்டு, ரெண்டு கடகம் மண் அள்ளி வடிவா மூடினனாங்கள். மண்ணுக்குக் கீழை போனது திரும்ப வருமோ?"

சபை தலையாட்டியது. கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது பாடம் சொல்லித்தரத் தேவையில்லாத உண்மை. மணலில் வேர் கிடையாது, சருகு கிடையாது. மணல் போட்டால் தணல் சாகும். மன்னாரில் சாகும், மொண்டெல்லோவிலும் சாகும். அடுத்ததாக ஏற்புரை வழங்க என்னை அழைத்தார்கள். ஒலிவாங்கிக்கு முன் நின்றேன். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். அடக்கம் என்று அதற்கும் கைதட்டினார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் குளத்துக்குப் போனேன். வாயிற்கதவைத் தாண்டிக் குதித்து, அவர்களின் குழியை ஒரு கூடார முளையால் கிளறினேன். மேலே இறுகிய மண். அதன்கீழே சாம்பல், தண்ணீர் பட்ட அடையாளமே இல்லாமல் மாவுபோல. குழியின் ஒரு பக்கக் கல்லுக்குக் கீழே பெருவிரல் பருமனில் ஒரு துளை, உள்ளே கரி. முளையால் அதைத் தொடர்ந்தேன். முட்செடியொன்றின் வேர் அது. தணல் அந்த வேரைப் பிடித்து, மண்ணுக்குள்ளாலேயே நடந்து, ஒரு முழத்துக்குச் சற்று அப்பால் செடியடியில் வெளியே வந்திருந்தது. செடிக்கு அடுத்தது அரிதாள். இரண்டு மணி நேரம் அந்த நெருப்பு நிலத்துக்குள் வந்துகொண்டிருந்திருக்கிறது. அப்போது யாராவது குனிந்து அந்த ஒரு முழ வட்டத்தைத் தொட்டிருந்தால் கை சுட்டிருக்கும்.

கூட்டத்தாரைக் குறை சொல்ல எனக்கு ஆசைதான், பழக்கமும் அதுவே. ஆனால் அவர்கள் ஒப்பமிட்டவர்கள் அல்லர். சிசிலிய மண்ணைப் பற்றிச் சம்பளம் வாங்கிக்கொண்டு அறிந்திருக்கவேண்டியவன் பேருந்துப் படியில் நின்று கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தான். தூண்டில்காரர் மீனுக்கு மருந்து பூசுவதைப் பார்த்து எட்டுக் கோடை சிரித்திருக்கிறேன். அவர்கள் தாம் செய்த காயத்துக்காவது மருந்து பூசினார்கள்.

முடிவில் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நூன்ஸியா குளத்துக்குத் திரும்பினார். இரண்டு வருடத்தையும் முடித்து ஓய்வூதியத்தோடு போனார். என்னைச் சங்கம் ஒரே கடிதத்தில் விலக்கியது. அக்கடிதத்தின் இத்தாலியம் மிக மோசமானது. பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அருளப்பு மாமா கதவைத் திறந்து, "இதென்ன, வாங்கின சாமானைக் கடைக்குக் குடுக்கிற மாதிரி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. புதிய பிள்ளைகள் இருவருக்கும் சொல்கிறேன்: இதுதான் நான் செய்த வேலை. கமரா இதைச் செய்யுமானால் மகிழ்ச்சி.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை இவை எதுவும் நடந்திருக்கவில்லை. குளத்திலிருந்து நேரே ஊர் மயானத்துக்கு நடந்தேன். நூன்ஸியா கல்லறைகளின் பூச்சாடிகளில் பழைய தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார். புருவம் பாதி முளைத்திருந்தது. என் கையிலிருந்த கரியைப் பார்த்தார்.

நான் தொடங்கினேன். பொறுப்பு என்பது எத்தகையது, மனிதன் தன் புகழின் முன்னால் எப்படிக் குருடனாகிறான் என்று ஒரு முன்னுரை.

"சுருக்கு. எனக்கு இன்னும் ரெண்டு வரிசை கிடக்கு."

"நான் அந்தக் குழியடிக்கே போகேல்லை, சிஞ்ஞோரா."

அவர் அடுத்த சாடியை எடுத்துக் கவிழ்த்தார். புழுத்த தண்ணீர் என் சப்பாத்தில் தெறித்தது.

"எனக்குத் தெரியும். போயிருந்தால் அண்டைக்கே கண்டிருப்பாய். இதை எனக்கு ஏன் சொல்லுறாய்? நானோ உன்னை விசாரிச்சனான்?"

பக்கத்துக் கல்லறையில் பூ வைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்கவேண்டும் என்றே குரலை உயர்த்தி, கைகளை மட்டும் உயர்த்தாமல், சொன்னேன்:

"நாளைக்குக் காலமை அந்த மேசைக்கு முன்னாலை போய் நிண்டு, மூண்டு சரியும் பொய், போட்டவன் நான், சிஞ்ஞோரா நூன்ஸியா என்னை நம்பினதைத் தவிர வேறை பிழை செய்யேல்லை எண்டு சொல்லுவன். ஏன் எண்டு கேட்டால், கைதட்டலுக்காக எண்டு சொல்லுவன். அதுக்கு மேலை ஒரு சொல்லும் கதைக்கமாட்டன்."